பவளத் தொட்டியில் ஏறிய பாஸ்பேட்

ஐந்து மில்லி தண்ணீர், அதில் ஆறு சொட்டு மருந்து, பிறகு ஐந்து நிமிடம். அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயில் நீலம் ஏறுவதை முதன்முதலில் பார்த்த காலையில் காப்பியை ஆறவிட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தண்ணீரில் இருக்கிறது, அதற்கு நிறம் கொடுத்து அளந்துவிடலாம் என்பது, முப்பத்து மூன்று வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்ற எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

தொட்டி என் மனைவியின் தம்பியுடையது. துபாயில் ஓர் ஓட்டலின் மீன் தொட்டிகளைப் பதினோரு வருடம் பராமரித்தவன், இனி ஊரோடு இருந்துவிடுவது என்று உத்திரமேரூருக்கு வந்திருந்தான். அவன் இல்லாமலே அவன் மகள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் அவனுடைய வாடகை வீட்டில் இடமில்லாததால், எங்கள் கூடத்தில் நாலடித் தொட்டியை வைத்து, உப்பு கரைத்த நீரில் மென்பவளங்கள் ஒன்பதை வளர்த்தான். காஞ்சிபுரத்தில் புது மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர் மாதக் கடைசியில் பார்க்க வருவதாக இருந்தார். பிடித்துப்போனால் அங்கே தொட்டி அமைத்துப் பராமரிக்கும் வேலை மச்சானுக்கு. இல்லாவிட்டால் மறுபடி துபாய்.

அந்த நேரம் பார்த்துப் பச்சைப் பவளங்கள் பழுப்பேறத் தொடங்கின. பாஸ்பேட் கூடினால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி பெருகி நிறத்தை மறைத்துவிடுமாம். தண்ணீரை மாற்றினால் குறையும் என்றான். மாற்றினோம், சோதனைக் குழாயில் பாஸ்பேட்டைக் காட்டும் நீலம் அடர்ந்தது. மறுபடி மாற்றினோம், இன்னும் அடர்ந்தது. மீன் தீனியைக் குறைத்தான், உறைந்த இறாலைக் கழுவிப் போட்டான். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கிணற்று நீர், ஆர்.ஓ. நீர், அரிசி களைந்த நீர் என்று பதினேழு தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதினேன்.

“என் ரசத்தையும் ஊத்திப் பாத்துடுங்க, அது இன்னாத்துக்கு பாக்கி?” என்றாள் மனைவி.

பதினெட்டாவதாக, ஆர்.ஓ. நீரையே உப்பு கலக்கும் பக்கெட்டில் ஒரு நாள் வைத்திருந்து சோதித்தேன். குழாய் மைபோல ஆனது. அந்த பக்கெட் நான் கொடுத்தது. மானாம்பதியிலுள்ள என் நிலத்தில் உளுந்து பூக்கும்போது தெளிக்க, பாஸ்பேட் நிறைந்த டி.ஏ.பி. உரத்தை அதில்தான் ஊறவைத்துத் தெளிவை இறுப்பேன். நாலு தடவை கழுவியாயிற்று என்று எண்ணிச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். அடி மடிப்பில் ஒட்டியிருந்த சாம்பல் நிற வண்டலை விரல் விட்டுப் பார்க்கவில்லை.

மச்சான் கோபப்படவில்லை. “பவளத்துக்கு உளுந்து மருந்து அடிச்சிக்கினு இருந்திருக்கோம் மாமா” என்று சிரித்தான்.

புது பக்கெட் வந்தது. பாஸ்பேட்டை உறிஞ்சும் துரு நிற மணிகளைப் பையில் கட்டி வடிகட்டியில் போட்டான். டாக்டர் வர எட்டு நாள் இருந்தது. அவன் உப்பு வாங்கச் சென்னைக்குப் போயிருந்தபோது, என் பிழையை நானே சீக்கிரம் தீர்த்துவிடலாமென்று இன்னும் இரண்டு பங்கு மணிகளைப் பையில் சேர்த்தேன். மூன்றாம் நாள் குழாயில் நிறமே இல்லை. பூஜ்யம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஐந்தாம் நாள் பவளங்கள் வெளுத்துச் சுருங்கின.

மணிப் பையைத் தூக்கியதுமே அதன் கனத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. “பவளத்துக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேணும் மாமா. எண்ணி எண்ணியே பட்டினி போட்டுட்டீங்களே” என்றான். குரல் உயரவில்லை. டாக்டர் வந்து குனிந்து பார்த்து, இவை எப்போதும் இப்படித்தான் வெளுத்திருக்குமா என்று கேட்டார். என்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அதுகளுக்கு உடம்பு சரியில்லை என்றான், அவ்வளவுதான். டாக்டரிடமிருந்து பிறகு தகவல் வரவில்லை. அடுத்த மாதம் குடும்பத்தைப் பக்கத்துத் தெருவிலேயே விட்டுவிட்டு அவன் துபாய்க்கு விமானம் ஏறினான். தொட்டியை விற்காமல், அதைக் கெடுத்த என்னிடமே ஏன் விட்டுப் போனான் என்று இன்றும் யோசிக்கிறேன்.

நாலாவது மாதம் ஒரு மாலை செல்போனில் கூப்பிட்டான். புள்ளி பூஜ்யம் ஐந்து என்று அன்றைய அளவைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“நம்பர் வேணாம் மாமா. கலர் எப்டி கீது?”

கண்ணாடியருகே போய் நின்று பார்த்தேன். “உரம் போட்ட நாலாம் நாள் நாத்து இருக்குமே, அப்டி கீது.”

“பாப்பா ஸ்கூல்லேர்ந்து வந்திருப்பா, கூட்டியாந்து காட்டுங்க” என்றான்.