தங்கைக்கு வந்த வலி

கடைக்கு வருகிறவர்கள் வாயாலேயே வண்டி ஓட்டிக் காட்டினால் மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். "வண்டியைக் கொண்டாங்க, தொட்டுப் பாத்தாதான் சொல்ல முடியும்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர்தான் டாக்டரம்மாவிடம் போய், தன் அடிவயிற்று வலியைத் தங்கையின் வலி என்று அளந்துவிட்டு வந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் திருநம்பி. பெண் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். ஹார்மோன் ஊசி போட்டு, மீசை முளைத்து, இன்று ஆணாகத் தலைநிமிர்ந்து நடக்கிறார். ஆனால் கர்ப்பப்பை உள்ளேதானே இருக்கிறது? முன்பு வேறொரு டாக்டரிடம் அதைச் சொன்னார். அதுவரை 'வாங்க சார்' என்றவர், அந்த நிமிடமே 'உட்காரும்மா' என்று மாறிவிட்டார். மெக்கானிக் கூனிக் குறுகிப் போனார். அன்றிலிருந்து எந்த வலி வந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வதுதான் வைத்தியம். இந்த வலி அதற்கு அடங்கவில்லை.

ஆளைப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன், தங்கையைக் கூட்டிவாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சொந்தத் தங்கையையே இழுத்து வந்தார். அவளோ நடிப்பு கிலோ என்ன விலை என்று கேட்கிறவள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. திரைக்குப் பின்னால் டாக்டரம்மா வயிற்றை அழுத்த, வலது பக்கம் வலிக்கிறது என்று முனகினாள். வெளியே நின்றவருக்குப் பொறுக்கவில்லை.

"இடது பக்கம்டி."

திரை விலகியது. தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு வலிக்குதோ அவங்க வந்து படுங்க."

தங்கை இறங்கி இடம் விட்டாள். மெக்கானிக் படுத்தார். மின்விசிறியைப் பார்த்தபடியே கர்ப்பப்பையையும் ஊசியையும் சொல்லி முடித்தார். அந்த 'அம்மா' எப்போது வந்து விழுமோ என்று பயமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா இடது பக்கம் அழுத்தினார். மெக்கானிக் துடித்துப் போனார். கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், இனி தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. பிறகு கையைக் கழுவிக்கொண்டு தங்கையிடம் திரும்பினார்.

"உங்க அண்ணனைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போம்மா. படி இறங்கறப்ப வலிக்கும்."

அண்ணன் உடனே எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.