ஃபேடு ஆன ஈ.சி.ஜி.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, நாகர்கோவிலில் ஒரு டாக்டர் முன்னால் திருதிருவென்று விழித்தேன்.

மறுநாள் என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். அதற்காக எடுத்த ஈ.சி.ஜி.யில் ஏதோ கோணல்.

"பழைய ஈ.சி.ஜி. இருக்கா? அதிலயும் இப்படியே இருந்தா பயமில்ல. புதுசா வந்ததுன்னா ஆபரேஷன தள்ளிவச்சிட்டு முதல்ல இதயத்தைப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

இருக்கிறதாவா? பஸ் டிக்கெட்டைக்கூட டைரியில் ஒட்டி வைக்கிற என்னிடமா கேட்கிறார்! கையோடு கொண்டுபோயிருந்த மூன்று வருடத்துக்கு முந்தைய டைரியைப் பெருமையாகப் பிரித்து நீட்டினேன்.

சிவப்புக் கட்டங்கள் இருந்தன. கோட்டைக் காணோம்!

"ஃபேடு ஆயிட்டு சார்" என்றார் நர்ஸ். "மேல முழுக்க செலோடேப் ஒட்டினது யாரு?"

"நான்தான். பத்திரமா இருக்கட்டும்னு..."

"அந்தப் பசைதான் சார் கோட்டைத் தின்னுட்டு."

ஃபேடு! முந்தின வாரம்தான் மார்த்தாண்டத்துத் துணிக்கடையில் இந்த வார்த்தையோடு மல்லுக்கட்டியிருந்தேன். என் சட்டைக்கு, "எத்தன தடவ துவைச்சாலும் ஃபேடு ஆகாது சார்" என்று சத்தியம் செய்தார் கடைக்காரர். பக்கத்தில் என் மகன், தொடை வெளுத்த பேன்ட்டைத் தேடி எடுத்தான். "ஃபேடுப்பா... அதான் ஸ்டைல்!" அவன் காதுக்கு மேல் முடி மெல்ல மெல்லத் தேய்ந்து தோலாகியிருந்தது. அதுவும் ஃபேடாம்!

ஃபேடு ஆகாவிட்டால் தரம், ஆகிவிட்டால் ஸ்டைல்... ஒரு வார்த்தையை எந்தப் பக்கம் பிடிப்பது?

"டைரியில எழுதியிருப்பியளே, வாசிங்க" என்றாள் மனைவி.

வாசித்தேன். "11.40 - ஈ.சி.ஜி. எடுத்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்."

டாக்டர் தலையசைத்தார். "எழுத்து போதாது சார், கோடு வேணும்."

அதற்குள் மனைவி போனைத் துழாவிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அக்கா கேட்டாண்ணு போட்டோ எடுத்து அனுப்பினேம்லா... இந்தா!"

டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார். அதே கோணல், அதே இடத்தில். "பழசுதாம்மா. நாளைக்கு வந்துருங்க."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "போனில உள்ள பழைய போட்டோவ எல்லாம் அழிக்கச் சொல்லி சண்ட போட்டியளே, ஓர்மை இருக்கா?"

இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து இந்த வருட டைரியைப் புரட்டினேன். போன மாதப் பக்கத்தில் இருந்தது: "போனில் குப்பைப் படங்களை அழிக்கச் சொன்னேன். வழக்கம்போல் கேட்கவில்லை."

அந்த மை மட்டும் துளிகூட ஃபேடு ஆகவில்லை!