முறுமுறுத்தவரிடமே அரிசியை ஒப்படைத்தோம்

1. டோக்கன் பெட்டி

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கடலூர்–சிதம்பரம், கடலூர்–குறிஞ்சிப்பாடி இரண்டு ரூட்டும் எனக்கு அத்துப்படி. ரிட்டயர் ஆன மறு வருஷமே கடலூரில் எங்கள் சபையில் என்னை டீக்கனாகத் தேர்ந்தெடுத்தார்கள். வேதாகமத் தமிழில் உதவிக்காரர். ஏழைகளுக்கு உதவி ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் சபையில் ஏழு டீக்கன்கள். ஏழு பேரும் ஆண்கள், ஏழு பேரும் டவுனின் பழைய குடும்பத்துக்காரர்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. புதிதாக வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நாள். அன்றைக்குத்தான் விதவைகளுக்கு அரிசி. எட்டரைக்கு மணி அடிக்கும். முதல் பாட்டு முடிவதற்குள் வாசலுக்கு வந்தவர்களுக்கு டோக்கன் உண்டு. பாட்டு முடிந்தால் பெட்டியை மூடிவிட வேண்டும். ஆராதனை முடிந்ததும் டோக்கனைக் காட்டி அரிசிப் பையை வாங்கிக்கொள்ளலாம். அரிசிக்காக மட்டும் கடைசி நேரத்தில் வந்து நிற்கிறார்கள் என்று யாரோ எப்போதோ போட்ட சட்டம். டோக்கன் கொடுப்பது என் பொறுப்பு. கண்டக்டராக இருந்தவனுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. பாட்டின் கடைசி அடிக்கு ஆமென் சொல்லும்போதே பெட்டியைப் பூட்டிவிடுவேன்.

2. மூன்று தடவை

குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் சபைக்கு ஒரு கிளை இருக்கிறது. தகர ஷெட் போட்ட ஜெபக்கூடம், முப்பது குடும்பம். ராகேல் அந்த ஊர்க்காரர். ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை. முந்திரி உடைக்கும் வேலை. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டை காயாது, வேலையும் கிடையாது. அந்த மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிவது சபை அரிசியை நம்பித்தான்.

ஐப்பசிக்கு முந்தைய மாதம் அவரும் இன்னும் மூன்று விதவைகளும் பாட்டு முடிந்தபின் வந்தார்கள். திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதமும் அதே கதைதான். மூன்றாவது மாதம் நல்ல மழை. நாலு பேரும் புடவை தொப்பலாக நனைந்து வாசலில் நின்றார்கள்.

"லேட்டு. பெட்டி மூடியாச்சு. அடுத்த மாசம் வாங்க" என்றேன்.

"அடுத்த மாசம் வர்ற வரிக்கும் வயித்த எங்க சார் கழட்டி வெக்கிறது?" என்றார் ராகேல்.

"சீக்கிரம் கெளம்புங்கம்மா. மத்தவங்கல்லாம் வரலயா?"

"அவுங்க தெருவத் தாண்டி வராங்க. எங்களுக்கு ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். அந்த வண்டியில நீங்கதான சார் கண்டக்டரா வந்தீங்க? ஒங்களுக்கே தெரியாதா?"

உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ராகேலின் குரல் கேட்டு மொத்த சபையும் திரும்பிப் பார்த்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வந்தது கோபமா, மாட்டிக்கொண்ட வெட்கமா என்று இப்போது கேட்டால் வெட்கம்தான் என்பேன். அந்த எட்டு மணி வண்டியில் எட்டு வருஷம் விசில் ஊதியவன் நான். அது ஒன்பது மணிக்குத்தான் கடலூருக்குள் நுழையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டோக்கன் பெட்டியைக் கையில் வாங்கியதும் அதெல்லாம் மறந்துபோயிருந்தது.

அன்று மாலையே கமிட்டிக்கு ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். ஆராதனைக்கு இடையூறு செய்தார், டீக்கனை அவமதித்தார் என்று. அடுத்த ஞாயிறு கமிட்டி கூடி, ராகேல் மன்னிப்புக் கேட்கும்வரை அவருக்குத் திருவிருந்தை நிறுத்தி வைப்பது என்று பேச்சு. இதன் கனம் வெளியாட்களுக்குத் தெரியாது. எல்லோரும் எழுந்து போய் முழங்காலில் நிற்கும்போது, நீ மட்டும் பெஞ்சிலேயே உட்கார் என்று சொல்வது அது. ஊர் முழுக்கப் பார்க்கும். அரிசியும் போய், மரியாதையும் போய், அந்த அம்மா அப்புறம் எந்த முகத்தோடு சபைக்கு வருவார்?

3. அண்ணாமலை நகரில் வாங்கிய குட்டு

நடுவில் ஒரு நாள் என் மனைவியின் தம்பியைப் பார்க்கச் சிதம்பரம் அண்ணாமலை நகர் போனேன். லேப் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வாய் ஜாஸ்தி, வேத அறிவும் ஜாஸ்தி. நடந்ததை வீரப்பிரதாபமாக அவனிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, ஒங்கள டீக்கனா போட்டாங்களா, செக்கிங் இன்ஸ்பெக்டரா போட்டாங்களா? அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்த எடுங்க. இந்த வேலையே அங்கதான் ஆரம்பிக்குது."

எடுத்தேன். எருசலேமில் முதல் சபை. தினமும் விதவைகளுக்குச் சாப்பாடு. கிரேக்க மொழி பேசுகிறவர்கள், எங்கள் விதவைகளைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று உள்ளூர் எபிரெயர்மேல் முறுமுறுக்கிறார்கள். அப்போஸ்தலர் சபையைக் கூட்டி, நற்சாட்சியுள்ள ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்தப் பந்தி விசாரணையை அவர்களிடம் விடுகிறார்கள்.

"முறுமுறுத்தவங்களுக்கு மெமோ குடுத்தாங்களா மாமா?"

"இல்ல."

"இப்ப அந்த ஏழு பேரு பேரயும் படிங்க."

ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா.

"அத்தனையும் கிரேக்கப் பேரு. எந்தப் பக்கத்து வயிறு காஞ்சுதோ, அந்தப் பக்கத்து ஆளுங்க கையில கரண்டியக் குடுத்துட்டாங்க. ஒங்க சபையில ஏழு பேரும் எந்தப் பக்கம்?"

சிதம்பரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்த அதிகாரத்தை இரண்டு தடவை படித்தேன். உதவிக்காரர் என்ற பதவிப் பெயர் அதில் எங்குமே இல்லை, வேலைதான் இருக்கிறது. பெயர் பின்னால் பவுலின் நிருபங்களில் வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உதவிக்காரர்களை முதலில் சோதித்துப் பாருங்கள் என்கிறார். என்னை யார் சோதித்தார்கள்? ரோமருக்கு எழுதும்போது கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று பெபேயாள் என்ற பெண்ணைச் சொல்கிறார். கிரேக்கத்தில் அதுவும் உதவிக்காரருக்குள்ள அதே சொல்தான் என்று மச்சான் பஸ் ஏற்றிவிடும்போது சொல்லியிருந்தான். கடலூர் வந்து இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

4. கமிட்டி

ஞாயிறு மாலை கமிட்டி கூடியதும் எழுந்தேன். "என் புகார வாபஸ் வாங்கிக்கறேன். அந்தம்மா சொன்னது நெஜம். ராகேலம்மாவ டீக்கனாப் போடுங்க."

செயலர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒடம்பு சரியில்லயா ஒங்களுக்கு? பொம்பளய எப்படிப் போடறது?"

"பெபேயாள் பொம்பளதான?"

"அதிகம் படிக்காதவங்க."

"அந்த ஊருல எந்த வூட்டுல ஒல கொதிக்கல, எந்தக் கெழவிக்கு நடக்க முடியலன்னு அவங்களுக்குத் தெரியும். பஸ் டைம் தெரிஞ்ச எனக்கே அது தெரியல."

"எடமில்லயே, ஏழு பேர்தான் விதி" என்றார் செயலர்.

இதை எதிர்பார்த்துதான் ராஜினாமாவை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுத்து மேஜைமேல் வைத்தேன். "ஒரு எடம் காலி. இன்னும் எவ்ளோ நேரமானாலும் சரி, இத முடிக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்."

பாஸ்டர் ராஜினாமாவை எடுத்துப் படித்தார். "சபையே முடிவு பண்ணட்டும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே அந்த எட்டு மணி வண்டி வரும் வழியே ராகேல் வீட்டுக்குப் போனேன். கும்பிட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன்.

"மன்னிச்சாச்சு சார். அரிசி எப்ப?" என்றார்.

டீக்கன் விஷயத்தைச் சொன்னதும் பயந்துவிட்டார். "பதவியெல்லாம் எனக்கெதுக்கு?" என்று இரண்டு நாள் மறுத்தார். கிளையின் மற்ற மூன்று விதவைகளும் போய் உட்கார்ந்து சம்மதிக்க வைத்தார்கள். அடுத்த ஞாயிறு ஒன்பதரை மணிக்குக் கூடிய சபைக் கூட்டத்தில், நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கைகள் உயர்ந்தன. பாஸ்டர் ராகேலின் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். பிறகு, முதல் ஞாயிறு இல்லாவிட்டாலும், அன்றைக்கென்று திருவிருந்து வைத்தார். முதல் வரிசையில் முழங்காலில் நின்றார் ராகேல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

5. சனிக்கிழமை

டோக்கன் பெட்டி முறையையே முதல் வேலையாக ராகேல் எடுத்துவிட்டார். அரிசி வேன் சனிக்கிழமையே கிளைக்குப் போக வேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போக வேண்டும் என்று ஏற்பாடு. அந்த முதல் சனிக்கிழமை நானும் போயிருந்தேன். தகர ஷெட் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன்.

புதிதாக டீக்கன் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முறுமுறுப்பு காதில் விழுந்தால் யார் முறுமுறுத்தார்கள் என்று ஆள் தேடாதீர்கள், யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று தேடுங்கள். கண்டுபிடித்ததும் வேலையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

வேன் வந்து நின்றது. ராகேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னா சார் வேடிக்க பாக்கறீங்க? ஒரு மூட்டயத் தூக்குங்க."

டீக்கனாக இருந்த நாளில் நான் ஒரு மூட்டையைக்கூடத் தொட்டதில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஷெட் ஆணியில் மாட்டிவிட்டு முதுகைக் கொடுத்தேன்.