கபிரியேல் கொடுத்த சாம்பிள்

தேவிகுளத்துக்குக் கீழே, சோலையடி தேயிலை எஸ்டேட் ஏரிக்கரையில் கம்பெனி ஒரு பார்க் போட்டிருந்தது. பெரிய பார்க் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறேழு துடுப்புப் படகு, ஒரு ராட்டினம், ஒரு சறுக்கு, கம்பி வலைக்குள் மான், கத்தத் தெரியாத ஒரு கிழட்டு மயில், அவ்வளவுதான். அதற்கே பொள்ளாச்சியிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் பஸ் பிடித்துச் சனம் வந்தது. வந்த சனத்துக்கு மைக்கில் அறிவிப்புச் சொல்வது கபிரியேலின் வேலை.

"சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை மான் கூண்டுகிட்ட அழுதுக்கிட்டு நிக்கிது. பெத்தவுக யாரா இருந்தாலும் ஓடியாங்க. பிள்ளை பொரி தின்னுக்கிட்டேதான் அழுகுது, பதறாம வாங்க."

இப்படித்தான் சொல்வார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கனத்த குரல். ஏரித் தண்ணீரின் மேல் போய், எதிர்ச் சரிவில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் வரைக்கும் கேட்கும். மரியாளுக்குச் சேதி கொண்டுவந்த சம்மனசின், அதாவது தேவதூதனின், பேரை வைத்துவிட்டு வேறு என்ன வேலை கிடைக்கும் என்று மாதா கோயிலில் அவரைக் கேலி செய்வார்கள். கபிரியேலுக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

சம்பளம் போட்ட மறு ஞாயிறு லயத்துச் சனத்துக்குப் பார்க்கில் டிக்கெட் கிடையாது, சும்மா உள்ளே விடுவார்கள். அன்றைக்குத்தான் மைக்குக்கு உண்மையான வேலை. ஆளாளுக்கு மைக் அறை ஜன்னலில் வந்து நின்று, அதைச் சொல்லுங்கண்ணே, இதைச் சொல்லுங்கண்ணே என்பார்கள். கபிரியேலும் சளைக்காமல் சொல்வார். "மேல் லயத்து மூக்கம்மாக்கா, உங்க மகன் படகுல ஏறிட்டான். நல்லாத்தான் உக்காந்திருக்கான். நீங்க அங்க நின்னு கத்தாதீங்க, இங்க கேக்காது." எதிர்ச் சரிவில் சிரிப்புச் சத்தம் எழும்பும். பழைய கம்பெனியின் வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. என்னமோ முக்கியமான அறிவிப்பு போகிறது என்று அவர் பாட்டுக்குப் பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

சாயங்காலம் பார்க் மூடும்போது ஓர் அறிவிப்பு உண்டு. "பார்க் மூடுற நேரமாச்சு. கூட வந்தவுகள விட்டுட்டுப் போயிராதீங்க. வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாக, வெரசா போய்ச் சேருங்க." இந்தக் கடைசி வரியை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அது அவர் பெண்டாட்டி செபமாலையம்மாளுக்குச் சொன்னது. கொழுந்து எடுத்துத் திரும்பியவள் எதிர்ச் சரிவில், அடுப்பில் விறகை நுழைத்துவிட்டு அந்த வரிக்காகக் காத்திருப்பாள். வீட்டில் கடிகாரம் இல்லை. அந்த வரி காதில் விழுந்ததும் உலை வைப்பாள். இவர் மைக்கை மூடி, அறையைப் பூட்டி, ஏரியைச் சுற்றி நடந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது சோறு வடித்து, பானையை நிமிர்த்தியிருக்கும். ஊருக்கே சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, புருசன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் வைத்திருந்த ஏற்பாடு அது.

ஒரு மழைக்காலத்தில் செபமாலையம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். கபிரியேல் நொறுங்கித்தான் போனார். ஒரே மகள் ஞானஜோதியைப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கட்டிக் கொடுத்திருந்தது. எங்களோடு வந்துவிடுங்கள் என்று அவள் கூப்பிட்டாள். சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்து சோறு தின்ன அவருக்கு மனசு வரவில்லை. லயத்து வீட்டில் பேச ஆளில்லை. காலையில் வாயைத் திறந்தால் மைக் முன்னால்தான். சாயங்காலம் மைக்கை மூடினால் வாயையும் மூட வேண்டியதுதான். அந்த மைக்கும் இல்லையென்றால் மனுசனுக்கு என்ன மிச்சம்? அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் விடவில்லை. கேட்க ஆளில்லை என்று தெரிந்தும் தினமும் சொன்னார்.

எழுபத்தைந்தாம் வருஷம் வெள்ளைக்காரக் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டு போயிற்று. கொச்சியிலிருந்து வந்த புதுக் கம்பெனி தோட்டத்தையும் பார்க்கையும் சேர்த்து வாங்கியது. அவர்களுக்கு ஓட்டல் உண்டு, பாலக்காட்டுப் பக்கம் அணைக்கட்டு ஓரத்தில் புதிதாய் இன்னொரு பார்க்கும் உண்டு. இரண்டு பார்க்கும் அச்சாய் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அங்கே என்ன நிறமோ இங்கேயும் அந்த நிறம். படகுகளுக்குப் படகுக்காரர்கள் வைத்திருந்த பூமாரி, ராக்காயி என்கிற பேரையெல்லாம் சுரண்டிவிட்டு நம்பர் போட்டார்கள். மயில் செத்தது, அந்த இடத்தில் சிமெண்டு வாத்து வைத்தார்கள். சம்பள ஞாயிறும் நின்றுபோயிற்று. வேலி ஓரமாக நின்று ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போன லயத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும்.

புது மேனேஜர் சசிதரன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. இளவயசு, சிரித்த முகம், மலையாளம் கலந்த தமிழ். மைக்கில் வீட்டு விஷயம் பேசக் கூடாது என்பதைக்கூடத் தோளில் கை போட்டுத்தான் சொன்னான். ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, மேசை மேல் இருந்த டேப் ரெக்கார்டரைக் காட்டினான்.

"கபிரியேல் சேட்டா, ஒரு உபகாரம் வேணும். தினமும் மைக்கில பறயுறதெல்லாம் ஒருக்கா இதுல பறயணும். ஹெட் ஆபீசுக்கு அயக்கணும்."

"கொச்சிக்கா சார்?"

"கொச்சிக்குத்தான்."

இங்கேதான் கபிரியேல் ஏமாந்தார். அவரை முட்டாள் என்று சொல்லாதீர்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பேக்டரியில் தூள் அரைத்ததும் ஒரு சின்னப் பொட்டலம் கட்டிக் கொச்சி ஏலத்துக்கு அனுப்புவார்கள். அதற்குப் பேர் சாம்பிள். அங்கே ஒருத்தர் அதைக் கொதிக்க வைத்து, வாயில் ஊற்றி, துப்பி, தரம் சொல்வார். சாம்பிள் பிடித்துப்போனால் சரக்குக்கு ஆர்டர் வரும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? கொச்சிக்காரன் தன் குரலுக்குச் சாம்பிள் கேட்கிறான், பிடித்துவிட்டால் மைக் தனக்கே நிலைத்துவிடும் என்று எண்ணிக்கொண்டார்.

மறுநாள் குளித்து, ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மிளகு தட்டிப் போட்ட வெந்நீரைக் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜன்னலை அடைத்துவிட்டு, மிஷின் முன்னால் உட்கார்ந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதிலிருந்து மானுக்குக் காகிதம் போடாதீர்கள் என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். ஒரு நாளும் அவ்வளவு அழகாய்ச் சொன்னதில்லை. கடைசி வரிக்கு வந்தபோது குரல் லேசாய்க் கரகரத்தது. திரும்பச் சொல்கிறேன் என்றார்.

"வேண்டா வேண்டா. அதுதான் நல்லா இருக்கு," என்றான் சசிதரன்.

அப்புறம் நாளெல்லாம், கொச்சியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொச்சியில் நன்றாகத்தான் சொன்னார்கள். ஒரு காலையில் அவர் மைக் அறைக்குப் போனபோது உள்ளே ஆபீஸ் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மைக் இருந்த இடத்தில் டேப் மிஷின். அவள் பொத்தானை அமுக்கினாள். வெளியே ஒலிபெருக்கியில், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கபிரியேல் சொன்னார். வாசலில் நின்ற கபிரியேல் அதைக் கேட்டார்.

"உங்க சப்தம் இவிடத்தான் இருக்கும் சேட்டா. உங்களுக்குத் தோட்டத்தில வேலை போட்டாச்சு, பேடிக்கண்டா, பயம் வேண்டா," என்றான் சசிதரன். ஏதோ நல்லது செய்துவிட்ட முகம் அவனுக்கு.

யூனியன் செயலாளர் வீரபாண்டியிடம் போனார். வீரபாண்டி நியாயஸ்தன், கொடி பிடிக்கத் தயங்காதவன். அவனே தலையைச் சொறிந்தான். "வேலைய விட்டு நிறுத்தியிருந்தான்னா இன்னைக்கே வாசல்ல உக்காந்துருவேண்ணே. உங்களுக்குத்தான் வேலை குடுத்துட்டானே. குரலத் திருப்பிக் குடுன்னு எந்தச் சட்டத்துல கேக்க?"

"நான் சாம்பிளுன்னுல்ல நெனச்சுக் குடுத்தேன்."

"தேயிலைன்னா சாம்பிள் போக மூட்டை இங்க கெடக்கும்ணே. குரலுக்கு ஏது மூட்டை?"

களை வெட்டும் செட்டில் கபிரியேலைப் போட்டார்கள். முதல் வாரம் பெண்கள் கேலி பேசினார்கள். "என்னண்ணே, அங்கயும் பேசுறீக, இங்கயும் களை வெட்டுறீக, ரெட்டைச் சம்பளமா?" என்பாள் சுருளியம்மாள். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பிறகு கேலியும் நின்றது. ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வரும்போதெல்லாம் மொத்தச் செட்டும் ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்க்கும். அவர் குனிந்து வெட்டிக்கொண்டிருப்பார். நாள் போகப் போக அதுவும் பழகிவிட்டது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குரல் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகக் கிடந்தது அவருக்குத்தான் பழகவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஞானஜோதி வந்தாள். வருஷா வருஷம் வருவாள். அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, ஒரு ராத்திரி தங்கிப் போவாள். இந்தத் தடவை பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். கல்லறையில் செபம் சொல்லி முடிக்கும்வரை அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது பாதையிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்கப்பா, நான் என்னுங்க தப்புப் பண்ணுனேன்? பாலக்காடு வரைக்கும் வந்துட்டு, எங்க ஊட்டுக்கு வராமப் போயிட்டீங்களே!"

கல்யாணமாகிப் போனதும் கொழிஞ்சாம்பாறைப் பேச்சு மகள் வாயில் ஒட்டிக்கொண்டதை அவர் எப்போதும் கிண்டல் செய்வார். இன்றைக்குக் கிண்டல் வரவில்லை.

"நான் எங்க தாயி பாலக்காடு வந்தேன்?"

"பொய் சொல்லாதீங்க. அந்தப் புதுப் பார்க்குக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தனுங்க. போனதுமே உங்க குரலு. தாத்தா வந்திருக்காரு, தாத்தா வந்திருக்காருன்னு ரெண்டையும் இழுத்துட்டு ஓடுனேன். மைக்கு ரூமு எங்கீன்னே தெரியல. ஒரு ஆளும் சொல்ல மாட்டேங்கறான். செரி, மூடுனா இந்த வழியாத்தான வரோணும்னு கேட்டுலயே நின்னனுங்க. வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாகன்னு சொன்னீங்க. அம்மாளுக்குச் சொல்லுவீங்களே, அதே மாதிரி." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சனமெல்லாம் போயிருச்சு. கேட்டைப் பூட்டிப் போட்டாங்க. கடைசி பஸ்ஸும் போயிருச்சு. எங்கூட்டுக்காரரு தேடிட்டு வந்துதான் கூட்டிட்டுப் போனாரு. நீங்க வரவே இல்ல."

கபிரியேல் தேயிலைச் செடி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். மகளையும் பேரப் பிள்ளைகளையும் யாருமில்லாத கேட்டில் நிறுத்தி வைத்தது தன் வாய்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"அது நான் இல்ல தாயி," என்றார். "அது நான் குடுத்த சாம்பிளு."

அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது ஞானஜோதி பாதையென்றும் பாராமல் உட்கார்ந்து அழுதாள். அம்மா செத்ததற்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் காலை அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, வெட்டுக் கத்தியும் கையுமாக நேரே ஆபீசுக்குப் போனார். வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. "சார், அந்தக் கடைசி வரிய மட்டும் அழிச்சிருங்க," என்றார்.

சசிதரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தினா சேட்டா? ஆளுகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. பாலக்காட்டுக்குக் காப்பி எடுத்தாச்சு. இனி வரப் போற பார்க்குக்கும் அதே டேப்தான். கம்பெனி சொத்தை நான் எப்படி அழிக்கும்?"

"அது யாருக்குச் சொன்னதுன்னு தெரியுமா சார்?"

"எல்லாருக்கும்தானே?"

கபிரியேல் வாயைத் திறந்தார். சிரித்த முகமாய் உட்கார்ந்திருந்த அந்தப் பையனிடம் எங்கே ஆரம்பிப்பது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலமெல்லாம் அத்தனை பேருக்கு அத்தனை சேதி சொன்ன மனுசன், ஆமா சார் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் வேலை விட்டு வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். விறகை நுழைத்துவிட்டு, ஏனோ பற்ற வைக்காமல் இருந்தார். காலையில் மகள் கழுவிக் கவிழ்த்துப்போன பானை பக்கத்தில் இருந்தது. ஏரியின் மேல் பனி இறங்கத் தொடங்கியபோது ஒலிபெருக்கி லேசாய் இரைந்தது. பார்க் மூடுற நேரமாச்சு. கூட வந்தவுகள விட்டுட்டுப் போயிராதீங்க. வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாக, வெரசா போய்ச் சேருங்க.

கரகரத்த அந்த இடம் இந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது இன்னும் நன்றாகத் தெரிந்தது. செபமாலைக்கு இப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எழுந்து அடுப்பைப் பற்ற வைத்து உலை வைத்தார். தண்ணீர் கொதித்ததும் அரிசி போட்டார். சோறு வெந்தது, வடித்தார், பானையை நிமிர்த்தி வைத்தார். மைக்கை மூடி, அறையைப் பூட்டி, ஏரியைச் சுற்றி நடக்கிற ஆள் இந்நேரம் வாசலுக்கு வந்திருக்க வேண்டும். கிறுக்குத்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் கபிரியேல் எழுந்து வாசலுக்குப் போய், பாதையை எட்டிப் பார்த்தார்.