முன்சீட்டில் பலாப்பழம்

கள்ளக்குறிச்சியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சுஐப், எதையும் ஒரு தடவை பூட்டிவிட்டு நகருகிற ஆள் இல்லை. பூட்டுவான், இழுத்துப் பார்ப்பான், நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பான். கடைக்குக் கிளம்பும்போது வீட்டு வெளிக்கதவுக்கும் அதே மரியாதைதான். உள்ளே மனைவி ரிஹானா இருப்பாள். கேட்டால், "காலம் கெட்டுக் கெடக்குது" என்பான். கெட்டவன் இல்லை, பாவம். பூட்டுவதுதான் அவனுக்குத் தெரிந்த பாசம். அந்தப் பாசத்துக்குள் இருந்தபடியே ரிஹானா இரண்டு பையன்களை வளர்த்துக் கல்லூரி விடுதிக்கு அனுப்பிவிட்டாள்.

அவளிடம் ஓட்டுநர் லைசென்ஸ் இருந்தது. நம்பமாட்டீர்கள், வாங்கிக் கொடுத்ததே சுஐப்தான். சவுதிக்குப் போகிற ஏற்பாட்டில் இருந்தபோது, ஆத்திர அவசரத்துக்கு ஆகுமே என்று பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டான். சின்னசேலம் ரோட்டில் கரும்பு லாரிகளுக்கு நடுவே ஜம்மென்று ஓட்டினாள். அவனுக்கு விசா வரவில்லை. லைசென்ஸ் பீரோவுக்குள் போயிற்று. பிறகு கார் வாங்கினார்கள், அவளுக்குப் பின்சீட்டு.

பக்ரீத் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கரியாலூர் அருவிக்குப் போனார்கள். மலை ஏறும்போது முன்சீட்டில் பிரியாணி தேக்சா பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வந்தது. வளைவில் சாய்ந்துவிடக் கூடாதாம். வேனில் வந்திருந்த சுஐபின் தம்பி நவுஷாத்தின் குடும்பம் சாப்பிட்டு முடித்து, காலி தேக்சாவையும் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டது. அந்த இடத்தில் சுஐப் இரண்டு பெரிய பலாப்பழங்களை வாங்கி வைத்துப் பெல்ட்டை மாட்டினான். ரிஹானா வழக்கம்போலப் பின்னால் ஏறினாள்.

"இன்னொரு தபா குளிச்சிக்கினு வந்துர்றேன். நீ உள்ளயே இரு" என்றான். சாவியை அமுக்கினான். எல்லாக் கதவும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கார் அடுப்பாகிவிட்டது. அவள் கதவுப் பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. பையன்கள் சின்னவர்களாக இருந்தபோது பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி போட்ட சைல்டு லாக். அவர்கள் மீசை வளர்த்த பிறகும் யாரும் எடுத்துவிடவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. போனில் டவர் இல்லை. பலாப்பழ வாசனை மூச்சை அடைத்தது. கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். அந்தப் பக்கம் போன ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டிவிட்டுப் போயிற்று. இங்கேயே செத்துவிடுவோம் என்று நிஜமாகவே பயந்தாள்.

ஒரு வழியாகச் சுஐப் சொட்டச் சொட்ட வந்தான். சாவி சட்டைப் பையிலேயே இருக்க, அருவியில் நின்றிருக்கிறான். அமுக்கினான். ஊதினான், லுங்கியில் துடைத்தான், மறுபடியும் அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை.

"பேட்டரி பூடுச்சி போலக்கீதே!"

"அதுக்குள்ளாற இரும்புச் சாவி ஒண்ணு இருக்குமேங்க!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

அவன் முகம் செத்துவிட்டது. "எங்கனா வுழுந்துடப் போவுதுன்னு அத கழட்டி பீரோவுல வச்சிப் பூட்டிட்டேன்."

அவள் லைசென்ஸ் இருக்கிற அதே பீரோ. சுஐப் ஒரு கல்லைத் தேடி எடுத்தான்; கண்ணாடியைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், அப்படியே நின்றான். ரிஹானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் முன்பக்கம் கண்ணில் பட்டது. டிரைவர் கதவுக்குச் சைல்டு லாக் கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இடம் இருந்தது. இவ்வளவு நேரமும் இருந்தது. அந்தச் சீட்டு நமக்கில்லை என்று உடம்பே நம்பிப் போயிருக்கிறது. அதை நினைக்க அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

புடவை கியரில் மாட்ட, பலாமுள் முழங்கையைக் கீற, எப்படியோ தாண்டி விழுந்து டிரைவர் கதவைத் திறந்தாள். அலாரம் ஊரைக் கூட்டியது. காற்று வந்தது.

"சாவியக் குடுங்க."

பதற்றத்தில் கொடுத்துவிட்டான். முந்தானையில் துடைத்து, ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, கிளச்சை மிதித்து அழுத்தினாள். சாவியில் பேட்டரி போனால் இப்படிச் செய்யலாம் என்று, கார் வாங்கிய அன்று விற்றவர் செய்து காட்டினார். சுஐப் அப்போது கதவுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அலாரம் அடங்கி எஞ்சின் பிடித்தது.

"எறங்கு, நான் ஓட்டறேன்."

பின்னால் கள்ளக்குறிச்சி பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்தது.

"பஸ்ஸு நிக்குதுங்க. ஏறுங்க!"

முன்சீட்டில் பலாப்பழம். அவன் ஓடிப்போய்ப் பின்னால் ஏறினான்.

வளைவுக்கு வளைவு, "மெல்லமா, பாத்து" என்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தான். நிறுத்தச் சொன்னபோதெல்லாம், "மறுபடி ஸ்டார்ட் ஆவலன்னா?" என்றாள். அது பாதி நிஜம்தான். வீட்டு வாசலில் வந்துதான் எஞ்சினை அணைத்து இறங்கினாள்.

பின்சீட்டில் இருந்தபடி சுஐப் கதவை இழுத்தான். மறுபடியும் இழுத்தான். பிறகு கண்ணாடியைத் தட்டினான்.

"ரிஹானா, கதவத் தொற! மூச்சு முட்டுது!"

அவள் சற்று நின்று பார்த்தாள். பிறகு வெளியிலிருந்து திறந்துவிட்டாள். வியர்வையில் குளித்து இறங்கியவன், "அல்லா! செத்த நேரம் உள்ள இருந்ததுக்கே உயிரு போயி உயிரு வருது" என்றான்.

"நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து உள்ளதாங்க இருக்கறேன்."

சுஐப் பூட்டுத் தொங்கிய வெளிக்கதவைப் பார்த்தான். ரிஹானா முன்சீட்டுப் பெல்ட்டைக் கழற்றி, ஒரு பலாப்பழத்தைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். கார் சாவியைக் கொடுக்கவில்லை.