பர்மாவில் இல்லாத தாத்தா

பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவனிடம் ஜனங்கள் முதலில் ஆதாரில் விலாசம் மாற்றித் தரச் சொல்வார்கள், அப்புறம் பையனின் பரீட்சை ரிசல்ட் பார்த்துத் தரச் சொல்வார்கள், கடைசியில் எண்பது வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்துக்குப் போன தாத்தாவையே கண்டுபிடித்துத் தரச் சொல்வார்கள். கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "நெட்டுல எல்லாம் இருக்குமே சார்" என்று யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்கள் கையில் கிடைத்தால் நாம் எல்லோரும் சேர்ந்து கவனித்துக்கொள்ளலாம்.

என் கடை தென்னூரில் இருக்கிறது. ஒருவருக்குத் தேடிக் கொடுத்தது வினையாகி, பழைய போட்டோவும் கையுமாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிடுசிடுப்பேனே தவிர, நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. காரணம் என் அம்மா. அவள் பால்குடிக் குழந்தையாக இருந்தபோது பட்டாளத்துக்குப் போன அவளுடைய அப்பா, பர்மாவில் இறந்துபோனதாக வீட்டில் சொல்வார்கள். சேதி சொன்ன தந்தியை, அதை வாங்கிய அம்மாவின் மாமா ஆத்திரத்தில் அடுப்பில் போட்டுவிட்டாராம். நாள் தெரியாததால் தாத்தாவுக்குத் திதி கிடையாது. வருஷா வருஷம் மகாளய அமாவாசையன்று, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் கூட்டத்தோடு கூட்டமாக, மகள் வயிற்றுப் பேரன் என்ற முறையில் நான் எள்ளும் தண்ணீரும் விடுவேன். "எங்கப்பாவுக்குன்னு ஒரு நாள் வேணும்டா" என்பாள் அம்மா, ஒவ்வொரு முறை படியேறும்போதும்.

அதனால் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் பர்மாவுக்குப் போய்விடுவேன். செயற்கைக்கோள் படத்தில் காடும் மலையும் ஆறுமாக மெல்ல நகரும். தலைக்கு மேல் ஃபேன் விமானம் மாதிரி உறுமும். அங்கே உள்ள போர் நினைவிடங்களின் பெயர்ப் பட்டியல் ஓர் இணையதளத்தில் இருக்கிறது. அதில் தாத்தாவின் பெயரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் மட்டும் இல்லை.

என்ன ரகத் துப்பாக்கி?

ஜீயபுரத்திலிருந்து ஒரு வாழை விவசாயி வந்தார். போரிலிருந்து திரும்பி வந்த தன் தாத்தாவின் டிஸ்சார்ஜ் தாளை, வாழைத்தாரை இறக்குகிற பதமாக மேஜையில் வைத்தார். ஊர்த் திருவிழாவுக்கு பிளெக்ஸ் அடிக்கிறார்களாம். தாத்தா பிடித்த துப்பாக்கி என்ன ரகம் என்று தெரிய வேண்டுமாம். தாளைப் படித்தால், தாத்தா ரோடு போடுகிற படைப்பிரிவு. கையில் இருந்தது மண்வெட்டி. மென்று விழுங்கிச் சொன்னேன். மனிதர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

சமாதானத்துக்காக, அந்தப் பிரிவு வேலை பார்த்த பர்மா எல்லைப்புறத்தைப் படத்தில் திறந்தேன். மலைகளுக்கு நடுவே நூலாக ஒரு ரோடு. பெரிதாக்கினால் அதன் மேல் ஒரு லாரி. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். படத்தில் நிற்கிற லாரி நகர்கிற மாதிரியே எனக்குத் தோன்றியது. ஜெராக்ஸுக்கு நின்ற பெண் தொண்டையைக் கனைத்த பிறகுதான் தென்னூருக்குத் திரும்பினோம். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"துப்பாக்கியா இருந்தா இந்நேரம் துருப் புடிச்சுப் போயிருக்கும் சார். ரோட்டுல இன்னும் லாரி போகுது பாருங்க. பிளெக்ஸுல மம்பட்டியே இருக்கட்டும்."

இத்தாலி மணி

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து வந்தவர் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சித்தப்பா, கல்யாணமாகாதவர், போரில் இத்தாலியில் இறந்திருக்கிறார். இறந்த தேதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தது என் முட்டாள்தனம். அவர் அங்கேயே, தன் வீட்டில் திவசம் பண்ணிவைக்கும் வாத்தியாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஸ்வாமி, அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு திதி, அப்புறம் வேற திதி. பிராணன் எப்போ போச்சு? அங்கத்திய மணியா, நம்ம மணியா?" என்றது குரல்.

இணையதளத்தில் தேதிதான் இருந்தது, மணி இல்லை. இரண்டு பேரும் இத்தாலியில் எப்போது பொழுது சாய்ந்திருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். ரேஷன் கார்டுக்கு வந்தவர்களும் தங்கள் பங்குக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு எரிச்சல் போய், முன்பின் பார்த்திராத ஒரு மலைச்சரிவில் மஞ்சள் வெயில் இறங்குவது தெரிந்தது. கடைசியில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சித்தப்பா எங்கே போனாலும் லேட்டாத்தான் ஆத்துக்கு வருவார்னு அப்பா சொல்வார். ரெண்டாவது திதியையே வெச்சுக்கோங்கோ."

டீச்சர் காத்திருந்தது

மேலப்புதூரிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றும்போது, தாத்தாவின் அண்ணன் எந்த மண்ணில் கிடக்கிறார் என்று தெரிந்தால் நிம்மதி என்றார். நான் வழக்கம்போல பர்மாவைத் திறந்தேன். "பர்மா இல்ல சார், ஈராக்" என்று திருத்தினார், கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில். நான் அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. எங்கள் வீட்டில் பட்டாளம் என்றால் பர்மாதான்.

ஈராக் நினைவிடப் பெயர்களை உருட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. என் தாத்தாவின் பெயர். அவருடைய அப்பா பெயர். எங்கள் ஊர். இன்னாரின் கணவர் என்று என் பாட்டியின் பெயர். அதன் கீழே, இறந்த தேதி. இத்தனை வருஷம் நான் பர்மாக் காட்டைச் சுற்றிக்கொண்டிருக்க, மனிதர் பாலைவனத்தில் இருந்திருக்கிறார். கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"உங்க ஆளா சார்? முதல்ல அவரை பிரிண்ட் போடுங்க. எங்க ஆளு எங்கயும் போயிட மாட்டாரு, நான் உக்காந்திருக்கேன்."

அம்மா கேட்ட நாள்

டீச்சருடைய ஆளும் அன்றே கிடைத்தார். தாத்தாவின் தேதியைப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால், மாசி மாதத் தேய்பிறைப் பஞ்சமி. அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான், "அந்த ஊருல ஆறு இருக்கா?" பெரிய ஆறே இரண்டு இருக்கிறது என்றேன். "அப்பச் சரி" என்றாள்.

மாசியில் அம்மா மண்டபம் காலியாக இருந்தது. நாலு பக்கமும் யார் யார் பெயரோ கேட்கிற கூட்டம் இல்லாமல், தாத்தாவின் பெயரை மட்டும் ஐயர் சொல்லக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை வைத்தபடி கண்ணை மூடியிருந்தாள். வாய் மட்டும் "அப்பா, அப்பா" என்று சொல்லிப் பார்த்தது. பிறந்ததிலிருந்து யாரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழகாத வாய். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கையைப் பிடித்துப் படியேற்றும்போது, "இனிமே அமாவாசைக் கூட்டத்துல நீ முட்டி வலியோட வர வேண்டாம்மா, இந்த நாளே போதும்" என்றேன். அம்மா நின்றுவிட்டாள்.

"அதெப்படிடா? இத்தன வருஷமா அமாவாசைக்கு வந்து பழகினவரு. அன்னிக்கும் வந்து இந்தப் படியில நின்னு பாத்துட்டு, புள்ளையக் காணோமேன்னு திரும்பிப் போயிட மாட்டாரா?"

ஊராருக்கெல்லாம் நாள் தேடிக் கொடுத்த புண்ணியத்தில், இப்போது என் கடைக்கு வருஷத்தில் இரண்டு நாள் லீவு, இரண்டும் ஒரே ஆளுக்காக.