அருவியாற்றில் ஓர் அருவி

மன்னாரில் அருவி கிடையாது என்று ஐந்தாம் வகுப்பில் சேர் சொன்னபோது நான் எழுந்து நின்று, இருக்கிறது என்றேன். அதுவரை வகுப்பில் நான் எழுந்து நின்றதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்பதற்குத்தான். சேர் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"அருவியாறு எண்டு பேர் இருக்குத்தானே சேர். அருவி இல்லாட்டி எப்பிடி அந்தப் பேர் வரும்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. சேரும் சிரித்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவர் சிரிக்காமல் கொஞ்சம் யோசித்தார். "நீர் கண்டனீரோ?" என்றார்.

"இன்னும் காணேல்ல சேர். எங்கட சின்னம்மா படம் எடுத்துத் தருவா. கொண்டு வந்து காட்டுறன்."

தனக்கு இப்படி ஒரு வேலை வந்து சேர்ந்திருப்பது அப்போது சின்னம்மாவுக்கே தெரியாது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு ஸ்ரூடியோவில் படம் எடுப்பது அவளுடைய வேலை. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவள். அங்கே கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போனவர்களோடு லைட் பிடிக்கப் போய், பிறகு கமராவையே பிடித்துக்கொண்டவள். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள்தான். நான் கைக்குழந்தையாக வந்ததால் எனக்குக் கீரிக் கடற்கரையை விட்டால் வேறு ஊர் தெரியாது. சின்னம்மாவுக்கோ முகாமைச் சுற்றியிருந்த ஊரின் பேச்சு நாக்கிலேயே தங்கிவிட்டது. ஓம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆமா என்பாள். கடைக்காரர்கள் சிரித்தால் இன்னும் இரண்டு ஆமா சேர்த்துச் சொல்லுவாள்.

அருவி எப்படி இருக்கும் என்பது எனக்கு அவளுடைய ஸ்ரூடியோவில்தான் தெரியும். சுவரில் ஒரு பெரிய பின்னணிச் சீலை தொங்கியது. அதில் நீல மலையிலிருந்து வெள்ளைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கோயிலில் முதல் நன்மை வாங்கிய பிள்ளைகள், மாப்பிள்ளை, பொம்பிளை, வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தத் தண்ணீருக்கு முன்னால் நனையாமல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மன்னார்த் தீவில் தண்ணீருக்கு விழத் தெரியாது. கடல் படுத்துக் கிடக்கும். மழைத் தண்ணீர் பள்ளத்தில் தேங்கி நாறும். கிணற்றுத் தண்ணீரை நாங்கள்தான் மேலே தூக்க வேண்டும். யாரும் இழுக்காமல், யாரும் ஊற்றாமல், தானாகவே மேலிருந்து குதிக்கிற தண்ணீரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பித்துப் பிடித்திருந்தது.

சின்னம்மாவிடம் சொன்னபோது ஏசுவாள் என்று பயந்தேன். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரர், அருவியாற்றுக் காட்டுக்குள் ஒரு ஓடை இருக்கிறதென்றும், மாரி மழைக்குப் பிறகு அது பாறையிலிருந்து கீழே கொட்டும் என்றும் சொன்னாராம். கேட்ட நாளிலிருந்து அவளுக்கும் நித்திரை இல்லையாம்.

அம்மா மறித்தாள். "ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் தனியக் காட்டுக்க போய் யானைக்குச் சோறாகப் போறியளோ?"

"யானை மரக்கறிதான் அக்கா" என்றாள் சின்னம்மா.

அது வாடைக் காற்றின் காலம். கடல் குழம்பிக் கிடந்ததால் அப்பாவின் படகு கரையில் ஏறியிருந்தது. அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பி, "சும்மாதானே இருக்கிறீங்கள், நீங்களும் போங்கோ" என்றாள். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்பட்டன. அப்பா "ம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். பெற்றோல் தாங்கியின் மேல் நான். பின்னால் சின்னம்மா, மடியில் கமராப் பை. அது ஸ்ரூடியோ முதலாளியின் கமரா என்பதால் அதற்கு மூன்று சொப்பிங் பைகளால் உடுப்புப் போட்டிருந்தாள். அவளுடைய தோளில் தொங்கிய, கமரா வைக்கிற முக்காலி ஒவ்வொரு பள்ளத்திலும் அப்பாவின் முதுகில் குத்தியது. பாலத்தில் காற்று எங்களைச் சரித்தது. தூரத்தில் பூநாரைகள் நின்றன. "அத்தான், நிப்பாட்டுங்கோ, ஒரே ஒரு படம்" என்று சின்னம்மா கத்தினாள். காற்றில் கேட்காததுபோல் அப்பா ஓட்டிக்கொண்டே போனார். நானாட்டான் பக்கத்து வயல்களின் பச்சையைப் பார்த்தபோது மறுபடியும் கத்தினாள். மறுபடியும் காற்று.

தார் றோட்டும் கிரவல் றோட்டும் முடிந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தோம். அதற்குப் பிறகு சின்னம்மாவைப் பிடிக்க முடியவில்லை. ஆற்றங்கரை மருத மரங்களின் வேரைப் படம் எடுத்தாள். வேரில் போன எறும்பை எடுத்தாள். ஒரு காளானுக்காக வயிற்றில் படுத்தாள். நான் ஒவ்வொரு வளைவிலும் முன்னே ஓடிப் போய் அருவியைத் தேடினேன். ஒரு வளைவில் அருவிக்குப் பதிலாக யானை லத்தி கிடந்தது. நான் அலறிக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். அப்பா அதைக் காலால் தட்டிப் பார்த்தார். "பழசு. நட" என்றார். நான் நடந்தேன், ஆனால் அவருடைய சேட்டின் நுனியை விடவில்லை.

பிறகு சத்தம் கேட்டது. முதலில் காற்று என்று நினைத்தேன். ஆனால் இலைகள் அசையவில்லை. சின்னம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினோம்.

ஓடை ஆற்றை நோக்கிக் கற்களுக்கிடையில் வந்துகொண்டிருந்தது. கல்லுக்குக் கல் தாண்டி அக்கரைக்குப் போய், ஒரு பற்றையை விலக்கினால், அங்கே நின்றது அருவி. கறுப்புப் பாறையின் விளிம்பில் தண்ணீர் ஒரு கணம் தயங்கி, பிறகு முழுவதுமாகக் கீழே விழுந்து உடைந்தது. விழுந்துகொண்டே இருந்தது. முடியவே இல்லை. நான் சட்டையோடு போய்க் கீழே நின்றேன். தலையில் குளிர் இடித்தது. வாயைத் திறந்து குடித்தேன். உப்பில்லை! ஏன் உப்பிருக்கும் என்று எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. "அருவி! அருவி!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். கத்துவதற்கு அது ஒன்றும் பெரிய அருவி இல்லை என்பது அப்பா வந்து பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. அவர் கையை உயர்த்தினால் விளிம்பைத் தொடலாம்.

சின்னம்மா அதற்கெல்லாம் அசையவில்லை. முக்காலியைக் குட்டையாக விரித்து, தண்ணீருக்குக் கிட்ட வைத்து, கமராவை மேலே பார்க்கத் திருப்பினாள். வெயில் கூடிவிட்டது என்று சொல்லி அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை வாங்கி லென்ஸுக்கு முன்னால் பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அமத்தினாள். கமரா அவசரப்படாமல் யோசித்து, பிறகு 'டிக்' என்றது. திரையைக் காட்டினாள். தண்ணீர் பாலாகி, பாலும் புகையாகி, மலை உச்சியிலிருந்து இறங்குவதுபோல் இருந்தது. சீலையில் கீறியிருந்த அருவி இதற்குக் கிட்டவும் வராது.

"நான் நிக்கிறன், என்னையும் சேர்த்து எடுங்கோ" என்றேன்.

"நீ நிண்டா அருவி உன்ர உயரத்துக்கு வந்திடும்டி. அப்புறம் உன் வாத்தியார் இதக் குழாயடின்னு சொல்லுவார்."

"நான் நிக்காட்டி ஆரோ எடுத்த படம் எண்டு சொல்லுவினம்!"

இது லேசான பிரச்சினை இல்லை. நான் நின்றால் ஆள் உண்மையாகும், அருவி பொய்யாகும். நிற்காவிட்டால் மறுவளம். நாங்கள் இருவரும் தண்ணீரின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்தி வழக்காடினோம். கடைசியில் இரண்டு விதமாகவும் எடுப்பதென்று முடிவாகி, நான் ஒரு கல்லில் கன்னத்தில் கைவைத்து நின்று கொண்டேன். ஆகாயம் நல்ல நீலமாக இருந்தது.

அப்பாதான் கண்டார். கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. சருகுகளும் சுள்ளிகளும் விளிம்பைத் தாண்டி விழுந்தன.

"மேல மழை பெய்திருக்கு. சாமானை எடுங்கோ."

"ஒண்டே ஒண்டு அத்தான்..."

"விடு எண்டா விடு!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அது படகிலிருந்து படகுக்குக் கத்துகிற குரல். சின்னம்மா கமராவைக் கழற்றி நெஞ்சோடு அணைத்த அதே நேரம், தண்ணீர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனது. அது மூன்று காலையும் விரித்துக்கொண்டு, குளிக்க வந்த கொக்குப்போல் உருண்டு உருண்டு போனதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டார். நாங்கள் தாண்டி வந்த கற்களைத் தேடினோம். கற்கள் இல்லை. அந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் ஆளை இழுக்கிற வேகத்தில் ஓடியது. அப்பா ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

"இதால ஏலாது. என்ர முதுகைப் பாத்துக்கொண்டு வா" என்று சின்னம்மாவிடம் சொன்னார்.

ஓடையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஏறினார். பாதை என்று ஒன்றும் இல்லை. தோளில் இருந்தபடி நான் முள்ளுக் கிளைகளுக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் குதிரைச் சவாரி செய்தேன். பின்னால் சின்னம்மா மூச்சிரைக்க வந்தாள். ஓடை இடது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உறுமிக்கொண்டே வந்தது. ஒரு பெரிய பாறையை அப்பா வலமாகச் சுற்றினார். ஒரு வறண்ட பள்ளத்தில் இறங்கி ஏறினார். எங்கும் நின்று யோசிக்கவில்லை. திடீரென்று காடு விலகியது. ஓடை அங்கே ஒரு தட்டைப் பாறைமேல் அகலமாகப் பரந்து, அப்பாவின் முழங்காலளவில்தான் ஓடியது. சின்னம்மா அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொள்ள, மூவரும் ஒரு நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து கடந்தோம். நடுவில் ஒரு இடத்தில் அவர் கால் வழுக்கியது. நான் அவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே!" என்றேன். அடுத்த கணம் மணல்.

இக்கரையில் மேட்டில் ஒரு வீரை மரம் நின்றது. அப்பா என்னை இறக்கிவிட்டு, "இதில கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். செருப்பைக் கழற்றினார். மரத்தடிக்குப் போய், அங்கே கிடந்த சருகைக் கையால் ஒதுக்கினார். ஒரு பச்சைக் கொப்பை முறித்து வைத்தார். பிறகு குந்தியிருந்தார்.

எனக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. நான் அருவி கண்டவள், வெள்ளத்தைத் தாண்டியவள். அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். "அருவி கண்டேன், அருவி கண்டேன்" என்று ஒரு பாட்டு அங்கேயே உண்டாகி, கோயில் பாட்டு மெட்டில் ஏறிக்கொண்டது. சின்னம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "சும்மா இருடி" என்று பல்லைக் கடித்தாள். அப்பா தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"விடு. பாடட்டும்."

நான் பாடினேன். ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினேன். ஈரச் சட்டை காலில் ஒட்ட ஒட்டச் சுற்றினேன். அப்பா பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நாங்கள் அம்மா கட்டித் தந்த சோத்துப் பார்சலை மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான கீரிமீன் பொரியலை அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை படம் வகுப்புச் சுவரில் ஏறியது. நான் நிற்காத படம்தான். சேர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி மீண்டும் பார்த்தார். "எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். ஒரு வடலிப் பனை உயரம் வரும் சேர் என்றேன். வடலியிலும் சின்ன வடலி, பெரிய வடலி இருக்கிறதென்பதை அவர் கேட்கவில்லை. இடைவேளைக்கு நான் வெளியே போகவில்லை. படத்துக்குக் கீழே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். ஒவ்வொருமுறையும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியது.

எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. ஸ்ரூடியோ கணினியில் சின்னம்மா எல்லாப் படங்களையும் காட்டியபோது வேர் இருந்தது, எறும்பு இருந்தது, காளான் இருந்தது, கன்னத்தில் கைவைத்த நானும் இருந்தேன். ஆனால் நான் மரத்தைச் சுற்றிப் பாடிய படம் ஒன்றுகூட இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று சண்டை பிடித்தேன். பற்றறி முடிந்துவிட்டது என்றாள். நான் நம்பிவிட்டேன். கன்னத்தில் கைவைத்த படத்துக்கு அடுத்த படம் அன்று பின்னேரம் மன்னார் பஸ் நிலையத்தில் எடுத்த கழுதைகள் என்பது என் கண்ணில் பட்டும் படவில்லை.

நான் பெரியவளான பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள். அப்பா கடற்கரைப் பிள்ளை இல்லை. அருவியாற்றுக்கு அங்கால் ஒரு விவசாயக் கிராமத்துப் பிள்ளை. சண்டை நெருங்கியபோது அவருடைய குடும்பம் இந்தியாவுக்குப் படகேறுவதற்காகக் கரையைத் தேடிக் காட்டு வழியாக நடந்தது. அந்த ஓடைக்கரையில் பல நாள் ஒளிந்திருந்தது. அங்கே அவருடைய தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து எடுக்க வழி இல்லை. பிள்ளையை அந்த வீரை மரத்தடியில் புதைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் நடந்தார்கள். அழுதால் கேட்டுவிடும் என்று யாரும் வாய்விட்டு அழவும் இல்லையாம். எனக்கு அப்படி ஒரு மாமி இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. போகும்போது அவளுக்கு என் அப்போதைய வயதுதான்.

அன்றைக்கு அந்த மரத்தடியில் நான் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தபோது, சின்னம்மா அதட்டியும் அப்பா அதட்டாதது எனக்கு நல்ல புளுகமாக, பெருமையாக இருந்தது. அருவியைக் கண்டுபிடித்தவள் என்பதற்காக எனக்குச் செல்லம் தருகிறார் என்றுதான் நினைத்தேன்.